நைனா பஸ் ஏறாத காரணம்

நைனாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுது. வெக்கங்கெட்ட வார்த்த மட்டும் போடாத" என்றார். சிறுநீர் என்ற சொல் இல்லாமல் இதை எழுதவே முடியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது டாக்டருங்க வார்த்த. பரவால்ல" என்று அனுமதி கொடுத்தார். வீட்டில் வயதான ஆணை வைத்துக்கொண்டு, அவர் ஏன் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வர மாட்டேன் என்கிறார் என்று புரியாமல் திண்டாடும் பெண்களுக்கு இது உதவும்.

நைனா என்றால் எங்கள் பக்கம் அப்பா. பெயர் முனிரத்தினம். வயது எழுபத்து மூன்று. சொந்த ஊர் நகரி பக்கம். வேலையில் சேர்ந்த பிறகு சித்தூரிலேயே தங்கிவிட்டார். முப்பத்தோரு வருடம் அரசு பஸ் டிரைவர், அதில் பாதிக்கு மேல் சித்தூர்–திருப்பதி தடம். அந்தத் தடத்தில் அவருக்கு 'நான்ஸ்டாப் ரத்தினம்' என்று பெயர். நிறுத்தம் இல்லாத இடத்தில் எவர் கெஞ்சினாலும் பிரேக்கைத் தொட மாட்டார். குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றாலும், பெரியவருக்கு அவசரம் என்றாலும் அவர் பதில் ஒன்றுதான். "ரெண்டு மணி நேரம் அடக்க முடியாதா? ஓட்டுறவன் நானே அடக்கிக்கினுதான கீறேன்!"

நான் அவருடைய ஒரே மகள், கலாவதி. திருப்பதியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. கணவர் சுதாகருக்குத் தாய்மொழி தெலுங்கு. இருபது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியதில் திட்டு வாங்குகிற அளவுக்குத் தமிழ் புரியும்.

ஓய்வு பெற்ற பிறகு நைனா மாதம் ஒரு முறை பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வருவார். இரண்டு வருடங்களுக்கு முன் திடீரென்று பஸ்ஸை விட்டுவிட்டு மொபெட்டில் வர ஆரம்பித்தார். எழுபது கிலோமீட்டர், எழுபது வயதுக்கு மேல், மொபெட்டில். கேட்டால் "இப்ப கீற டிரைவருங்களுக்கு ஓட்டத் தெரியல" என்றார். இரண்டு மணி நேரப் பயணம் அவருக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. அதன் பிறகு வருவதையே குறைத்துக்கொண்டார். வருத்தம் ஏதோ இருக்கிறது, சுதாகர் மனம் நோகப் பேசியிருப்பார் என்று நினைத்து நான் அவரோடு நான்கு நாள் பேசாமல்கூட இருந்தேன். பாவம் அவர்.

போன தை மாதம் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். நைனாவையும் அம்மாவையும் காரில் அழைத்துவர விடியற்காலையிலேயே சுதாகர் சித்தூர் போனார். எட்டரைக்கு வந்துசேர வேண்டியவர்கள் பத்து மணிக்கு வந்தார்கள். ஐயர் கோபித்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். காரின் பின்சீட்டில் மூன்று கிலோ கொய்யாப் பழத்தோடு அம்மா உட்கார்ந்திருந்தார்.

இரவு எல்லாரும் படுத்த பிறகு சுதாகர் நடந்ததைச் சொன்னார். ஊரைத் தாண்டியதும் நைனா, டயரில் காற்று குறைகிறது, நான் பார்க்கிறேன் என்று இறங்கினாராம். டயரைப் பார்க்காமல் முள்ளுப் புதருக்குப் பின்னால் போனாராம். பூதலப்பட்டு அருகே கொய்யா வாங்க வேண்டும் என்றார். சுதாகர் பழம் பொறுக்கிக்கொண்டிருக்க இவர் மாந்தோப்புக்குள் போய்விட்டார். அடுத்து, கூட வேலை பார்த்த ஒருவர் வீடு இங்கேதான், எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். வீடு பூட்டியிருந்தது. பூட்டிய வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான்காவது முறை ஒரு புளியமரம். "மாப்ள, நான் சர்வீஸ்ல சேந்தப்போ இது இத்தினூண்டு கன்னு" என்று இறங்கிப்போய் அந்த மரத்தோடு பத்து நிமிடம் நின்றாராம்.

"கலா, மாமய்யாக்கு என்மேல கோபம் லேது. பைப்ல ப்ராப்ளம்" என்றார் சுதாகர்.

மறுநாள் அம்மாவைச் சமையலறையில் மடக்கினேன். "ராவுல ஆறு தபா ஏந்துக்குறாரும்மா" என்றார் அம்மா, தேங்காய் துருவுவதை நிறுத்தாமல். "அங்க போயி நின்னுக்கினே கீறாரு. சொட்டு சொட்டா வருதாம்."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருஷமாச்சி."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"பொம்பளப் புள்ளகிட்ட இத எப்பிடிம்மா சொல்றது?"

அந்த வாரம் முழுதும் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். ஆண்களுக்குச் சிறுநீர்ப் பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. நெல்லிக்காய் அளவு இருக்கும். சிறுநீர்க் குழாய் அதன் நடுவாக ஊடுருவிப் போகிறது. வயதாக ஆகச் சுரப்பி பெருக்கும். சிலருக்கு எலுமிச்சை, சிலருக்குச் சாத்துக்குடி. அது பெருக்கப் பெருக்க நடுவில் இருக்கும் குழாய் நெரிபடும். அவ்வளவுதான் விஷயம். பெரும்பாலும் சாதாரண வீக்கம். சில பேருக்குப் புற்று. எது என்று பரிசோதனை செய்தால்தான் தெரியும். நைனாவைப் பரிசோதனைக்கு அழைத்துப்போவது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

முதலில் நேராகப் பேசிப் பார்த்தேன். போனில் "நைனா, ஒரு டெஸ்ட் எடுத்துரலாம்" என்ற உடனே அவருக்கு என் குரல் கேட்காமல் போய்விட்டது. "ஹலோ? ஹலோ? சிக்னல் இல்ல" என்று வைத்துவிட்டார். பின்னால் அம்மா பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நேரில் போய்க் கேட்டபோது ஒரு சித்தாந்தமே வைத்திருந்தார். "ஒரு வண்டி நல்லா ஓடிக்கினு கீது. சும்மா ஒருக்கா பாக்கலாம்னு ஒர்க்‌ஷாப்புல வுட்டா இன்னா ஆவும்? பேரிங் போச்சி, புஷ் போச்சின்னு பத்து நாளு நிறுத்திப் போடுவான். முப்பத்தோரு வருஷம் பாத்தவன் நானு. உள்ள போன வண்டி எதுவும் போன மாரி வந்ததில்ல."

"நீங்க வண்டி இல்ல நைனா."

"அதான் சொல்றேன். வண்டிக்காவது ஸ்பேரு கெடைக்கும்."

பிறகு ஒரு பொய் சொன்னேன். சித்தூரில் ஓய்வு பெற்றவர்களுக்கு இலவச மருத்துவ முகாம் ஒன்று நடந்தது. கண் முகாம் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே போனால் மற்ற பரிசோதனைகளும் செய்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். நைனா கண்ணை மட்டும் காட்டிவிட்டு, சிறுநீர் மாதிரிக்கு டப்பா கொடுத்த பெண்ணிடம் டப்பாவை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா அதில் கடுகு போட்டு வைத்திருக்கிறார். நைனாவுக்குக் கறுப்புக் கண்ணாடி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் கம்பீரமாகத் திரிந்தார்.

கடைசியாக, புராஸ்டேட் வீக்கத்தைப் பற்றி ஒரு டாக்டர் தெலுங்கில் விளக்கும் வீடியோவை அவர் போனுக்கு அனுப்பினேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், ஓய்வு பெற்ற டிரைவர் கண்டக்டர்கள் இருக்கும் வாட்ஸப் குழுவுக்கு ஒரு ரோஜாப் பூ போட்டு 'குட்மார்னிங்' என்று அனுப்பிவிட்டார். நூற்றுச் சொச்சம் கிழவர்கள் காலை காபியோடு அதைப் பார்த்திருக்கிறார்கள்.

அன்று மதியம் எனக்கு ஒரு போன் வந்தது. "கலாம்மா, நான் மஸ்தான் மாமா பேசறன். காலைல ஒரு வீடியோ வந்திச்சே, அது உங்க நைனா சமாச்சாரமா?"

மஸ்தான் மாமா பதினேழு வருடம் நைனாவோடு ஒரே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நைனாவை விட மூன்று வயது சின்னவர். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். முடிவில் அவர், "ஞாயித்துக்கெழம நீ சித்தூரு வா. நானும் வரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அம்மா காபி கொடுத்துவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். மஸ்தான் மாமா சுற்றி வளைக்கவில்லை.

"அன்னா, எனக்கு ஆப்ரேசன் ஆயி ஒன்றர வருஷம் ஆச்சி. இதே சமாச்சாரம்."

நைனா கையில் இருந்த காபி டம்ளர் அப்படியே நின்றது. "இன்னாடா சொல்ற?"

"அவுனு, நெஜந்தான். ராத்திரி எட்டுத் தபா. நின்னு நின்னு காலு வீங்கிப்போச்சி. திருப்பதில லேடி டாக்டரு ஒருத்தங்க பண்ணாங்க. இப்போ குழாயத் தெறந்த மாரி போவுது."

"ஒன்றர வருஷமா எங்கிட்ட சொல்லல நீ?"

"வெக்கமா இருந்திச்சி அன்னா."

"பதினேழு வருஷம் ஒரே டப்பால துன்னோம்டா! எங்கிட்ட இன்னாடா வெக்கம்? ஆஸ்பத்திரில நீ படுத்துக்கினு கீற, நான் இங்க சும்மா குந்திக்கினு கீறேன். ஒரு ஆரஞ்சுப் பழங்கூட வாங்கியாந்து குடுக்கலியே நானு!"

நைனாவுக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. மஸ்தான் மாமா விடவில்லை. "நீ எங்கிட்ட சொன்னியா? ரெண்டு வருஷமா நீ சொன்னியா?"

யாராவது மடக்கினால் நைனா வீம்புக்குப் போய்விடுவார், அன்றும் போனார். "எனக்கு அந்த அளவு ஒன்னியும் இல்ல. நான் இப்போகூட அடக்குவேன்."

"பந்தயமா?" என்றார் மஸ்தான் மாமா.

"பந்தயம். நாளைக்கி பஸ்ல திருப்பதி வரேன். நடுவுல எறங்காம போய்ச் சேந்துட்டா டெஸ்ட்டுன்ற பேச்ச யாரும் எடுக்கக் கூடாது. எறங்கிட்டேன்னா நீங்க சொன்ன எடத்துக்கு வரேன்."

நான் சரி என்றேன். மஸ்தான் மாமாவும் சரி என்றார். நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு பெரிய முட்டாள்கள் என்பது மறுநாள் தெரிந்தது.

திங்கள் காலை ஏழரை மணி பஸ். நைனா டிரைவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் மஸ்தான் மாமா, எதிர்ப்பக்கம் நானும் அம்மாவும். பூதலப்பட்டு வரை நைனா ஜாலியாக இருந்தார். டிரைவர் இளைஞன், அவன் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் நைனா "ம்ஹும்" என்று தலையை ஆட்டினார். "கிளச்ச அப்பிடியே மெதிச்சிக்கினு கீறான் பாரு. ப்ளேட்டு இன்னாத்துக்கு ஆவும்?" என்று மஸ்தான் மாமாவிடம் சொன்னார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்தது. ஓர் ஊரைத் தாண்டும்போது டிரைவர் ஒரு லாரியை மிக மோசமாக முந்தினான். நைனா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

சந்திரகிரிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். நைனா முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கழுத்தில் வியர்வை ஓடியது. "தம்பி... கொஞ்சம் ஆபுப்பா, நிறுத்துப்பா" என்றார்.

"தாத்தா, ஸ்டாப்பு இல்ல இங்க. சந்திரகிரி வந்துரும், கொஞ்சம் அடக்கிக்கோங்க" என்றான் டிரைவர் திரும்பாமல்.

அந்த நேரத்தில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கக் கூடாது. ஆனால் அம்மா சிரித்துவிட்டார். முப்பத்தோரு வருடம் கேட்ட கதை அவருக்கு.

மஸ்தான் மாமா இரண்டு விரலை வாயில் வைத்து ஒரே ஒரு நீண்ட விசில் கொடுத்தார். கண்டக்டர் விசில் என்று நினைத்து டிரைவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. பஸ் நின்றது. பின்னாலிருந்து நிஜக் கண்டக்டர் "எவர்ரா விசில் வேசிந்தி!" என்று சண்டைக்கு வந்தார். அதற்குள் நைனா இறங்கி ஒரு விளம்பரப் பலகைக்குப் பின்னால் போய்விட்டார்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. பஸ்ஸில் எல்லாரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகைக்குக் கீழே நைனாவின் செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன. திரும்பி வந்தபோது அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மஸ்தான் மாமாவின் காதருகே குனிந்து சொன்னது எனக்கும் கேட்டது. "வர்லடா. ஒரு சொட்டுகூட வர்ல."

மஸ்தான் மாமாவின் முகம் மாறியது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர் டிரைவரிடம் போய் இரண்டே வரியில் சொன்னார். இவர் யார், என்ன ஆகியிருக்கிறது என்று. அந்தப் பையன் திரும்பி நைனாவை ஒரு முறை பார்த்தான். அதற்கப்புறம் அவன் கிளச்சை எப்படி மிதித்தானோ தெரியாது. சந்திரகிரியில் இறங்க வேண்டியவர்களை இறக்கிவிட்டு, வழியில் கைகாட்டிய ஒருவரையும் ஏற்றாமல், திருப்பதியில் மஸ்தான் மாமாவுக்கு ஆபரேஷன் நடந்த சாலையோர ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினான். நைனாவைக் கைத்தாங்கலாக இறக்கியதும் அவன்தான். வயிறு பானைபோல் வீங்கி, நைனா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இதற்குச் சிறுநீர் அடைப்பு என்று பெயர். ஏற்கெனவே நெரிபட்ட குழாய். அதோடு மணிக்கணக்கில் அடக்கினால் பை அளவுக்கு மீறி விரிந்து, சுருங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. பிறகு நாம் நினைத்தாலும் வராது. அவசரப் பிரிவில் ஒரு மெல்லிய ரப்பர் குழாயை உள்ளே செலுத்தி, அதன் மறுமுனையை ஒரு பிளாஸ்டிக் பையில் இணைத்தார்கள். திரைக்கு வெளியே நாங்கள் நின்றோம். உள்ளே முதலில் ஒரு முனகல். பிறகு நைனாவின் குரல்: "தாயீ... நீ யார் பெத்த புள்ளயோ... நூறு வருஷம் நல்லா இருக்கணும் தாயீ!"

நர்ஸ் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். "தாத்தா, இன்னும் வருது, பேசாம படுங்க" என்றாள். ஒரு லிட்டருக்கு மேல் வந்தது.

மதியம் டாக்டர் வந்தார். நாற்பது வயதுப் பெண். நைனா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, மஸ்தான் மாமாவைப் பார்த்து, "நெஜமாவே லேடி டாக்டராடா?" என்றார். நேற்று சொன்னதை அவர் நம்பவில்லை போலிருக்கிறது.

டாக்டர் தெலுங்கில்தான் பேசினார். "பெரியவரே, ஓட்டுவது ஆணா பெண்ணா என்று பார்த்தா ஜனம் பஸ் ஏறுகிறது?"

நைனா உண்மையைச் சொன்னார். "நான் பாப்பேன்மா. பொம்பள டிரைவர்னா ஏற மாட்டேன்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அதிலிருந்து அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது. ஆனால் ஸ்கேனைப் பார்த்தபோது அவர் சிரிக்கவில்லை. சிறுநீர் தேங்கித் தேங்கி மேலே ஏறி, இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருந்தன. கிரியாட்டினின் என்பது ரத்தத்தில் சேரும் ஒரு கழிவு. சிறுநீரகம் அதை வெளியே தள்ள வேண்டும். நைனாவுக்கு அது இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு இருந்தது. இன்னும் சில மாதம் இப்படியே விட்டிருந்தால் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு வாழ வேண்டியிருக்கும் என்றார். பிறகு, "பந்தயம் கட்டியது யார்?" என்று கேட்டார். மஸ்தான் மாமா தரையைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். படித்தவர்கள் செய்கிற வேலையா என்று எங்களுக்குத் தனித்தனியாகத் திட்டு கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் அதிகம், நூலகத்தில் வேலை என்று தெரிந்ததால்.

நைனா மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, சர்வீஸ்ல எத்தினியோ பேர நான் எறங்க வுடல. பாசெஞ்சருங்க சாபமா இது?"

"சாபம் எல்லாம் இல்லை. வயதானால் ஆண்களில் பாதிப் பேருக்கு வருகிறது. உங்கள் பஸ்ஸில் ஏறாதவர்களுக்கும் வருகிறது" என்றார் டாக்டர்.

அடுத்தது பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. புராஸ்டேட்டில் கோளாறு இருந்தால் இந்த அளவு ஏறும். வீக்கத்தாலும் ஏறும், குழாய் போட்டதாலும் ஏறும், புற்றாலும் ஏறும். எதனால் என்று ரத்தம் சொல்லாது. நைனாவுக்கு அது ஏறியிருந்தது. சிறுநீரகம் தேறட்டும், குழாயோடு வீட்டில் இருக்கட்டும், மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பினார்கள்.

அந்த மூன்று வாரமும் நைனா எங்கள் வீட்டில் இருந்தார். ரப்பர் குழாயும் பையும் அவரோடு இருந்தன. பையை மறைக்க அம்மா தன் பழைய பட்டுப்புடவையின் முந்தானையை வெட்டிச் சுருக்குப்பை போல ஒன்று தைத்துக் கொடுத்தார். சிவப்பில் ஜரிகைக் கரை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நைனா மாலையில் ஃபிளாட் வராந்தாவில் நடப்பார். எதிர் வீட்டு அம்மாள் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கொண்டக்கி வெள்ளி ஒச்சாரா? பிரசாதமா?" என்று, மலைக்குப் போய்வந்தவரிடம் கேட்பது போலக் கையை நீட்டினார். திருப்பதியில் பட்டுப்பையோடு ஒரு பெரியவர் நடந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? நைனா ஒன்றும் சொல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெண்மணியைப் பார்த்து ஓடினார்.

தினமும் காலை ஆறு மணிக்கு அந்தப் பையை மாற்றியது சுதாகர். நான் செய்கிறேன் என்றால் நைனா விட மாட்டார்; அம்மாவுக்குக் குனிய முடியாது. சுதாகர் ஒரு வார்த்தை பேசாமல் கையுறை போட்டுக்கொண்டு வந்து, அளவைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, காலி செய்துவிட்டு, குளித்து ஆபீஸ் போவார். முதல் இரண்டு நாள் நைனா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான்காம் நாளிலிருந்து ஆறு அடித்ததும் "மாப்ள, ட்யூட்டி!" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

மூன்று வாரத்தில் கிரியாட்டினின் இறங்கியது. பி.எஸ்.ஏ. இறங்கவில்லை. பயாப்சி எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஊசி வழியாகச் சுரப்பியிலிருந்து நூல் போலப் பன்னிரண்டு துணுக்கு எடுத்து, அவற்றில் புற்று அணுக்கள் இருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது. எடுப்பதற்கு அரை மணி. முடிவு வர ஒரு வாரம். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் டிவி போடவில்லை. அம்மா எதற்கெடுத்தாலும் பாயசம் வைத்தார்.

முடிவு வாங்கப் போன அன்று வெளி நோயாளிகள் கூடத்தில் நானும் நைனாவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் டோக்கன் முப்பத்து நான்கு. உள்ளே பத்தொன்பது போய்க்கொண்டிருந்தது. நைனா பட்டுப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"குப்புசாமின்னு ஒரு டிரைவரு. உனக்கு ஞாபகம் இருக்காது. நல்லா திடமா இருந்தான். வயித்து வலின்னு போனான். டெஸ்ட்டு எடுத்தாங்க. மூணே மாசம்."

"அவருக்கு ஏற்கெனவே முத்தியிருக்கும் நைனா. டெஸ்ட் எடுத்ததால சாவல."

"தெரியும்மே. புத்திக்குத் தெரியும். ஆனா டெஸ்ட்டு எடுக்காத வரைக்கும் அது பேரு இல்லாத நோவு. எடுத்தா பேரு வெச்சிடுவாங்க. பேரு வெச்சிட்டா அது நம்ம வூட்டு ஆளாட்டம் ஆயிடும். அப்பால போவச் சொல்ல முடியாது." பையின் ஜரிகையைத் தடவிக்கொண்டே, "பயமா இருந்திச்சி கலா. அதான். ஒர்க்‌ஷாப்பு கத எல்லாம் சும்மா" என்றார்.

நைனா பயம் என்ற வார்த்தையைச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இருபத்து ஏழு, இருபத்து எட்டு என்று எண்கள் போய்க்கொண்டே இருந்தன.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு முதலில் அதைத்தான் சொன்னார், எங்களைக் காக்க வைக்காமல். புற்று இல்லை. பன்னிரண்டிலும் இல்லை. வெறும் வீக்கம், சாத்துக்குடி அளவு வீக்கம். நைனா கையெடுத்துக் கும்பிட்டார். நான் அழுதேன். டாக்டர் மேசையில் இருந்த டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, ஆபரேஷன் தேதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு வயிற்றில் வெட்டு இல்லை. சிறுநீர் வரும் வழியாகவே ஒரு கேமராக் குழாயை விட்டு, அடைத்துக்கொண்டிருக்கும் சதையை உள்ளிருந்தே சீவி எடுக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வதால் நைனா விழித்திருந்தார். திரையில் எல்லாவற்றையும் பார்த்தார். "ரோடு அகலம் பண்ற வேலதான்மே" என்று வெளியே வந்ததும் அம்மாவுக்கு விளக்கினார். "ரெண்டு பக்கமும் ஆக்கிரமிப்பு. அந்தம்மா செதுக்கி செதுக்கி எடுத்திச்சி. சூப்பர் டிரைவரு." இதைக் கேட்டதும் நான் மஸ்தான் மாமாவைப் பார்த்தேன். அவர் இரண்டு கிலோ ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார்.

ஆறு கட்டில் வார்டு. ஆறிலும் கிழவர்கள், ஆறு பேருக்கும் ஒரே கதை. பில்லின் பெரும்பகுதியை ஓய்வூதியர் அட்டை பார்த்துக்கொண்டது. முதல் நாள் பையில் சிவப்பாக வந்தது, பிறகு ரோஜா நிறம், பிறகு தெளிந்தது. மூன்றாம் நாள் காலை குழாயை எடுத்துவிட்டார்கள். இனி தானாகச் சிறுநீர் கழித்தால்தான் வீட்டுக்கு அனுப்புவோம், இல்லாவிட்டால் மறுபடி குழாய் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

நைனா தண்ணீர் குடித்தார். இளநீர் குடித்தார். மஸ்தான் மாமா கொண்டுவந்த பார்லித் தண்ணீரையும் குடித்தார். பத்தே முக்காலுக்குக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். கதவுக்கு வெளியே நான், அம்மா, மஸ்தான் மாமா. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். வார்டில் மற்ற ஐந்து கட்டில்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் தன் மகனின் கைப்பேசிப் பாட்டை அணைக்கச் சொன்னார். உள்ளே சத்தமே இல்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எனக்கு அந்த விளம்பரப் பலகையும் செருப்புக் கால்களும் கண்முன் வந்து போயின.

பிறகு சத்தம் வந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத சத்தம். விட்டுவிட்டு இல்லை, சொட்டுச் சொட்டாக இல்லை. ஒரே தாரையாக, நெடுநேரம்.

அதையும் மீறி உள்ளிருந்து நைனாவின் குரல் கேட்டது. அம்மாவைக் கூப்பிடவில்லை, மஸ்தான் மாமாவைக் கூப்பிடவில்லை.

"கலா! ஏய் கலா! கேக்குதாம்மா?"

"கேக்குது நைனா" என்றேன், வார்டே சிரிக்க. "நல்லா கேக்குது."